என் பெயர் மட்டும் உள்ள கார்டு

ஜூன் 2, திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. ஜீவனஹள்ளி ரூம் மூன்றாவது மாடி. தண்ணீர்க் குடத்தோடு ஏறும்போது நடுவில் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியதாயிற்று. யமுனா பார்த்துவிட்டாள். சிஸ்டர்கள் நடத்தும் பிள்ளைகள் ஹோமில் என் பக்கத்துக் கட்டில்காரி, இப்போது ரூம்மேட். வாய் சும்மா இருக்காது.

"ஏய் செலின், கெழவி மாதிரி மூச்சு வாங்கற. இன்னிக்கி ஆஸ்பத்திரி போலன்னா ரோஸி ஆண்ட்டிக்கு போன் போட்ருவேன்."

அவள் தொல்லை தாங்காமல் போனேன்.

இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது. சின்ன வயதில் வந்த காய்ச்சலின் மிச்சம். என்றைக்கிருந்தாலும் பலூன் விட்டு விரிக்க வேண்டுமாம். பதினெட்டு வயது வரை இந்தக் கவலையெல்லாம் எனக்கு இல்லை. முதலில் ஹோம் பார்த்துக்கொண்டது. பிறகு ரோஸி ஆண்ட்டி வீட்டில் வளர்ப்புப் பிள்ளையாக இருந்தபோது குழந்தைகள் நல ஆபிஸ். பதினெட்டாவது பிறந்தநாளுக்கு கேக் வெட்டினோம். அதோடு எல்லாம் கட்.

இனி இலவச வைத்தியத்துக்கு ரேஷன் கார்டு வேண்டும். ஆண்ட்டி வீட்டுக் கார்டில் என் பெயர் கிடையாது, சேர்க்கவும் முடியாதாம். தனிக் கார்டுக்கு எழுதிப் போட்டது அப்படியே கிடக்கிறது. அவசரம் என்று டாக்டர் லெட்டர் கொடுத்தால் மட்டும் சீக்கிரம் கிடைக்கும்.

டாக்டர் நல்ல மனிதர். தமிழிலேயே கேட்டார். "மூச்சு வாங்குதா? படி ஏற முடியுதா?"

"நல்லாருக்கேன் டாக்டர்."

"டெஸ்ட்ல கொஞ்சம் டைட்டாதான் தெரியுது. ஆனா உனக்குத் தொந்தரவு இல்லன்னா பொறுத்துப் பாக்கலாம். மூணு மாசம் கழிச்சு வாம்மா."

பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது. லெட்டர் வாங்கத்தானே போனேன்? மண்டு, மண்டு.

ஜூன் 3, செவ்வாய்

வேலைக்கு லீவு. சூப்பர்மார்க்கெட் பில்லிங்கில் நாள் முழுக்க நிற்க முடியவில்லை.

யமுனா முதலில் திட்டினாள், அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தாள். "நானா இருந்தாலும் அதேதான் சொல்லிருப்பேன்டி."

ஹோமில் உடம்பு முடியவில்லை என்று வாயைத் திறந்தால் மூலை அறை, உப்பில்லாத கஞ்சி, ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க் போவதும் போச்சு. அதனால் காய்ச்சலில் கண் சிவந்திருந்தாலும் எல்லோருக்கும் ஒரே பாட்டு: "நல்லாருக்கேன் சிஸ்டர்." சிஸ்டர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன். அத்தனை பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளக் கூடாதே என்ற பயம் அவர்களுக்கு. ஆனால் வாய் பழகிவிட்டது.

சிரித்து முடித்ததும் பயம் வந்தது. லெட்டர் இல்லாமல் கார்டு இல்லை, கார்டு இல்லாமல் பலூன் இல்லை. மூணு மாசம் இந்த மூச்சு தாங்குமா? எனக்குச் சாக இஷ்டமில்லை. எழுதியாச்சு, இங்கேயாவது.

யமுனா சொன்னபடியே போன் போட்டுவிட்டாள். ஆண்ட்டி போனில் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஜூன் 6, வெள்ளி

வெயில்! ஆண்ட்டி விவேக் நகரிலிருந்து ஆட்டோ பிடித்து நேரே ஆஸ்பத்திரி வாசலில். கையில் இட்லி டப்பா. சாப்பிடச் சொல்லிவிட்டுத் திட்டினார், திட்டிக்கொண்டே சட்னி வைத்தார்.

அதே டாக்டர். "எப்டி இருக்கே?"

"நல்லா..." தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு.

"பொய் சொல்றா டாக்டர். அவங்க ஹோம்ல எல்லாத்துக்கும் இதே பழக்கம். இவ நல்லாருக்கேன்னா நம்பாதீங்க." என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு. இங்க ஒண்ணும் கஞ்சி ஊத்த மாட்டாங்க."

சொன்னேன். குடம் தூக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது, சுவரில் சாய்ந்துதான் தூக்கம். பயமாக இருக்கிறது. கடைசி வார்த்தைக்கு அழுகை வந்துவிட்டது, மானம் போச்சு.

டாக்டர் மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொன்னார். பார்த்துவிட்டு அங்கேயே லெட்டர் எழுதினார். "நீங்க இவளுக்கு என்ன வேணும்?" என்று ஆண்ட்டியைக் கேட்டார்.

"எங்க வீட்டுப் பொண்ணு டாக்டர். ரூம் மட்டும்தான் வேற எடுத்திருக்கா."

என்னைக் கிள்ளிய இடம் இன்னும் சிவந்திருக்கிறது. வாழ்க.

ஜூன் 16, திங்கள்

கார்டு வந்துவிட்டது!! குடும்பத் தலைவி: செலின். உறுப்பினர்: செலின். ரேஷன் ஆபிஸ் மேடம் கன்னடத்தில் "ஒப்பளேனா?" என்று கேட்டார். ஒருத்தி மட்டும்தானா என்று. "ஹௌது மேடம்." கார்டை என் கையில் கொடுத்தார். லெட்டரைக் கொடுத்த அன்றே மேலதிகாரியிடம் தானே கொண்டுபோனவர் இவர்தானாம். எனக்குத் தெரியாது, பியூன் சொன்னார். திரும்பிப் போய் நன்றி சொன்னேன். "ஹோகு, ஹோகு, மொதலு ஆபரேஷன் மாடிஸ்கோ", போய் முதலில் ஆபரேஷனைப் பண்ணிக்கொள் என்று விரட்டிவிட்டார்.

யாருக்கெல்லாம் நன்றி: டாக்டர். மேடம். பியூன். யமுனா (இதை அவளிடம் காட்டக் கூடாது, தலைக்கேறிவிடும்). ஆண்ட்டியை எழுத ஆரம்பித்தால் பக்கம் போதாது.

ஜூன் 26, வியாழன்

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணல். நேற்று அட்மிட். காலையில் பலூன் விட்டார்கள். தொடை வழியாகத்தான், மயக்கம் இல்லை, மரத்துப்போக மட்டும் ஊசி. நல்லபடியாக விரிந்துவிட்டதாம். மூச்சு எவ்வளவு உள்ளே போகிறது! இத்தனை நாள் பாதிதான் விட்டுக்கொண்டிருந்தேன் போல.

சேவியர் அங்கிள் பற்றி இங்கே எழுதியதே இல்லை. ஆண்ட்டியின் கணவர். ஐந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் "சாப்ட்டியா"வுக்கு மேல் பேசியதில்லை. என்னை வைத்துக்கொண்டது ஆண்ட்டிக்காகத்தான் என்றே நினைத்திருந்தேன். குழந்தை இயேசு கோயில் பக்கம் மெழுகுவர்த்திக் கடை. வியாழக்கிழமைதான் அங்கே கூட்டம், வாரத்து வியாபாரமே அன்றுதான். சொந்தத் தம்பி கல்யாணம் வியாழனில் வந்தபோதுகூடக் கடையைச் சாத்தாத மனுஷன்.

என்னை ஸ்ட்ரெச்சரில் தள்ளி வரும்போது முன்னால் போன நர்ஸ் கதவைத் திறந்து கத்தினார். "செலின் கடெயோரு யாரு?" செலினைச் சேர்ந்தவர்கள் யார் என்று.

"நாவே", நாங்கள்தான் என்று ஆண்ட்டி குரல் முதலில். கூடவே யமுனா.

அவர்களுக்குப் பின்னாலிருந்து, "நாவே மேடம், நாவே" என்று அங்கிள்.