மோட்டார் கட் பண்ணிய போன்கள்

அன்பு மகள் வினோதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உங்கப்பா, மாடு ரெண்டு, கிணற்று மோட்டார் எல்லோரும் நல்ல சுகம். தக்காளி மட்டும் சுகமில்லை, அதை அப்புறம் சொல்கிறேன். நீ அந்த நொய்டாவில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா, குளிருக்கு ஸ்வெட்டர் வாங்கினாயா, ஒன்றும் தெரியவில்லை. உன் நம்பருக்குக் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப் என்று இந்தியில் சொல்கிறது, டூட்டியில் இருப்பாய் என்று இருந்துவிட்டேன். போன் தொலைந்துபோய் நீ புது நம்பர் வாங்கியதே உன் மாமன் மகன் ராஜசேகர் சொல்லித்தான் தெரியும். நம்பரைக் கொடுடா என்றால், "அத்தே, நம்பர் குடுக்க மாட்டேன்னு அவகிட்ட சத்தியம் பண்ணிட்டேன், அட்ரஸ் குடுக்க மாட்டேன்னு பண்ணல" என்று ஹாஸ்டல் அட்ரஸை எழுதிக் கொடுத்தான். வக்கீலுக்குப் படிக்க வேண்டியவன், பெங்களூரில் ஏசி மாட்டிக்கொண்டிருக்கிறான். அதனால்தான் இந்த லெட்டர், சிரிக்காமல் படி.

அவன் சொன்ன இன்னொன்றுதான் எனக்குச் சோறு இறங்கவிடவில்லை. "எத்தினி வாட்டி அடிச்சாலும் அம்மா ஒரே ரிங்ல கட் பண்றாங்க, சிங்காரப்பேட்டை மாப்பிள்ளய வேணாம்னு சொன்ன கோவம் இன்னும் போவல, இனிமே அந்த வீட்டுக்கு வரவே மாட்டேன்" என்று அழுதாயாமே. பாப்பா, கட் பண்ணியது நான் இல்லை. மோட்டார்.

கேள். நீ போனபிறகு எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஓசூர் சர்க்யூட் போர்டு கம்பெனியில் சூப்பர்வைசரோடு சண்டை, மூன்றாவது தடவையாக வேலையை விட்டேன், ஒன்பதாவதில் பள்ளிக்கூடத்தை விட்ட மாதிரியே பட்டென்று. கிணறு ஓடைக்கு அந்தப் பக்கம் இருப்பதால் மோட்டார் போடப் போக உங்கப்பாவுக்கு தினமும் அலுப்பு. ஆன்லைனில் சிம் போடுகிற சின்ன போர்டு ஒன்றும் ரிலே சுவிட்ச் ஒன்றும் வரவழைத்து, ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் வைத்து, ஈயம் உருக்கி சால்டர் போட்டு, மோட்டார் ஸ்டார்ட்டரோடு சேர்த்துவிட்டேன். அந்த நம்பருக்குக் கூப்பிட்டால் டப்பா போனைக் கட் பண்ணிவிட்டு மோட்டாரைப் போடும், மறுபடி கூப்பிட்டால் கட் பண்ணிவிட்டு நிறுத்தும். அதில் என் பழைய சிம்மைப் போட்டுவிட்டு நான் புதுசு வாங்கிக்கொண்டேன். புது நம்பரை உனக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன், அது தொலைந்த போனுக்குப் போயிருக்கிறது. நீ மனப்பாடமாக வைத்திருந்தது மோட்டார் நம்பரை.

முதல் வாரம் ஊரே வந்து பார்த்தது. உங்கப்பா டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் மோட்டாரைப் போட்டுப் போட்டுக் காட்டினார், "நம்ம வூட்ல இஞ்சினீரு" என்று பெருமை வேறு. கம்பெனியை விட்டபோது இதே வாய்தான் என்னைப் பொறுப்பில்லாதவள் என்றது. ரெண்டாவது வாரம் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்தது. பக்கத்துக் காட்டு ஆஞ்சப்பன் மாமா பார்த்துவிட்டு, "முனி எறங்கியிருக்குதும்மே, ஒயரால ஆவற காரியமா இது" என்று டப்பா மேல் எலுமிச்சம்பழம் கட்டிவிட்டுப் போனார். அந்தப் புளிப்புத் தண்ணி ஒழுகி ரிலே துருப்பிடித்தால் முனியா வந்து மாற்றும்? உங்கப்பா கோழி அறுத்தார். கோழி ருசியாக இருந்தது, மோட்டார் நிற்கவில்லை. கடைசியில் நான் சிம்மைக் கழற்றி என் போனில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒருத்தி கூப்பிட்டு, "மேடம், நிமகெ லோன் பேகா" என்கிறாள். நம்ம முனி கன்னடத்தில் லோன் கொடுக்கிறது! காலையில் லோன் என்று கூப்பிட்டால் ஓடும், மத்தியானம் கிரெடிட் கார்டு என்று கூப்பிட்டால் நிற்கும். என் நம்பருக்கும் உங்கப்பா நம்பருக்கும் மட்டும் கேட்கிற மாதிரி அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று சிம்மைத் திரும்ப டப்பாவில் போட்டேன்.

ராஜசேகர் சொன்ன நாளை வைத்துப் பார்த்தால், அந்த வார ஞாயிற்றுக்கிழமைதான் நீ விடாமல் கூப்பிட்டிருக்கிறாய். மோட்டார் ஓடி, நின்று, ஓடி, நின்று, கடைசியில் ஓடியபடியே விட்டுவிட்டாய். ஒற்றைப்படையில் கோபித்துக்கொண்டு நிறுத்தியிருக்கிறாய், இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் தக்காளி பிழைத்திருக்கும். சாயங்காலம் போய்ப் பார்த்தால் தக்காளிக் காடு முழுக்கத் தண்ணி. முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு கூப்பிட்டவளை நான் திட்டிய திட்டைக் கேட்டு ஆஞ்சப்பன் மாமாவே காதைப் பொத்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை லோன்காரிக்கு லீவு என்பது எனக்குத் தோன்றவில்லை. அத்தனை திட்டும் உனக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, என் வாயைக் கழுவிவிட்டேன்.

சிங்காரப்பேட்டைக்காரன் பேச்சை விடு. பெண் பார்க்க வந்தவன் என் சால்டரிங் சாமானைப் பார்த்து, "வூட்ல யாருங்க ரிப்பேர் பண்றது" என்று கேட்டான், நான்தான் என்றால் நம்பாமல் உங்கப்பாவைப் பார்த்துச் சிரித்தான். நீ வேண்டாம் என்ற அன்றைக்கு உங்கப்பா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார், நான் ரெண்டு தோசை கூடவே தின்றேன். உனக்கும் எனக்கும் பதினெட்டு வருஷம்தான் வித்தியாசம், பெரிய மனுஷி மாதிரி கோபத்தை வருஷக்கணக்கில் கட்டிக் காக்க எனக்குப் பொறுமையும் கிடையாது. அங்கேயே இரு, சம்பாதி, பிடித்தவனைக் கட்டு, கட்டாமலும் இரு. வீட்டுக்கு வரமாட்டேன் என்று மட்டும் சொல்லாதே.

பழைய சிம் இப்போது என் போனில் இருக்கிறது. டப்பாவுக்கு வேறு சிம் வாங்கும்வரை உங்கப்பா ஓடை தாண்டி நடக்கிறார், நடக்கட்டும், தொப்பை குறையும். எந்த நம்பரில் இருந்து வந்தாலும் முதல் ரிங்கிலேயே எடுத்து, "வினோவா?" என்றுதான் கேட்கிறேன். நேற்று ஒரு பெண், "இல்லீங்கம்மா" என்றாள். பாவம், லோன் பேச்சே எடுக்காமல் வைத்துவிட்டாள்.

நோய்நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நல்லா இரு கண்ணு. ஹாஸ்டலில் கெட்டிலையும் ஹீட்டரையும் ஒரே பிளக்கில் மாட்டாதே, ஒயர் உருகும். இதைப் படித்து முடித்ததும் கூப்பிடு, அழுதுகொண்டே கூப்பிட்டாலும் சரி.

உன் அம்மா
மாதேஸ்வரி