உன் உயரத்தில் நிற்கும் கை

என் அருமைச் சண்டைக்காரிக்கு,

முதலில் புதினம். குறொன்லாண்ட் கடைத்தெருவில் முருங்கைக்காய் இன்னும் யானை விலைதான். நீ பேரம் பேச வராததால் கடைக்காரர் நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தேன். மனிதர், "மலர் அக்கா இல்லாமல் கடை விறைச்சுப்போய்க் கிடக்கு" என்கிறார். உன் மகள் மீரா கார் ஓட்டும் பத்திரம் எடுத்துவிட்டாள். ஒஸ்லோவையே பேருந்தில் ஏற்றி இறக்கும் உன் சிவா, மகள் ஓட்டும்போது மட்டும் பக்கத்தில் இருந்து பிள்ளையாரைக் கூப்பிடுகிறாராம். என் மூக்கும் ஆறிவிட்டது.

மூக்குக்கு என்னடி நடந்தது என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் இதைச் சங்கத்து இதழில் போடப்போகிறார்கள், உன்னைத் தெரியாதவர்களும் வாசிப்பார்கள். ஆகவே உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. குறுக்கே பேசாமல் கேள். உன்னால் முடியுமா?

போர்நிறுத்தம் வந்து யாழ்ப்பாணப் பாதை திறந்த அந்தக் கோடை நினைவிருக்கிறதா? ஒஸ்லோத் தமிழரில் பாதிப்பேர் ஊருக்குப் பறந்துவிட்டார்கள். நம் இருவருக்கும் லீவு கிடைக்கவில்லை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தபடி, போனவர்களை எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தோம். அந்தக் கோபத்தில்தான் நூலகச் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரம் உன் கண்ணில் பட்டது. பெரியவர்களுக்கு வூஷு, செவ்வாய்க்கிழமை மாலை, பள்ளிக்கூட ஜிம் மண்டபத்தில்.

"இது தெரியாதே உனக்கு? சீனத்து வயசுபோன ஆக்கள் பார்க்கில நிண்டு மெதுவாக் கையைக் காலை ஆட்டுறது. ரீவீயில பாத்தனான். எங்கட மூட்டு நோவுக்கு நல்லது" என்றாய். என்னைக் கேட்காமலே என் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாய்.

நீ ரீவீயில் பார்த்தது வேறு, நாம் போய் மாட்டுப்பட்டது வேறு. எகிறிக் குதிப்பதும் காலைத் தலைக்கு மேல் வீசுவதுமாக அங்கே ஒரு கூட்டம். புதிதாக வந்த நமக்குக் குதிரை நிலை. கால்களை அகட்டி, இல்லாத குதிரையில் இருப்பதுபோல் உடம்பைத் தாழ்த்தி, அசையாமல் நிற்க வேண்டும். கொஞ்ச நேரத்திலேயே உன் முகம் வேர்த்து வடிந்தது. "ஒரு கதிரை தந்தால் நாள் முழுக்க இருப்பன்" என்று முணுமுணுத்தாய்.

சொல்லித் தந்த லின், நம் இருவரையும் விட வயதில் இளையவர். மற்றவர்கள் லின் என்றே கூப்பிட்டார்கள். நமக்கு மட்டும் படிப்பிக்கிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை, லின் ரீச்சர் ஆக்கிவிட்டோம். வூ என்றால் போர், ஷு என்றால் கலை என்று அவர் விளக்கினார். நீ விடுவாயா? குதிரையில் இருந்தபடியே, உன் நோர்வேஜிய மொழியில், "யாரோடு போர்?" என்று கேட்டாய்.

"இன்றைக்கு உன் தொடையோடு" என்றார் லின் ரீச்சர். அந்தப் பதிலுக்காகவே நீ அடுத்த கிழமையும் போனாய். நான் உனக்காகப் போனேன்.

சிவா அண்ணை கோயிலில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். "வீட்டில நான் வாயே திறக்கிறேல்லை. இனி இவ சண்டை வேற பழகவேணுமோ?" நீ அவருக்கு வூஷு வணக்கம் போட்டுக் காட்டினாய். வலது கையைப் பொத்தி, இடது உள்ளங்கையால் அதை மூடி நின்றாய். "பொத்தின கை சொல்லுது, எனக்கு அடிக்கத் தெரியும் எண்டு. மற்றக் கை சொல்லுது, அடிக்க மாட்டன் எண்டு. விளங்கிச்சுதோ?" வூஷு என்றால் என்ன என்று இன்றைக்கு யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்கிறேன், உன் பெயரைச் சொல்லாமல். பாவம் அண்ணை, செவ்வாய்க்கிழமைகளில் அவருக்குப் பின்னேர வேலை. ஒருநாளும் மண்டபத்துக்கு வந்து பார்க்க முடியவில்லை.

பிறகு லின் ரீச்சர் நம்மை ஜோடி ஆக்கினார். இருவர் எதிரெதிரே நின்று ஆடுவது அது. குத்து, தடுப்பு, உதை, விலகல் எல்லாம் முன்கூட்டியே கட்டி வைத்தவை. எந்த அடி எப்போது வரும் என்று இருவருக்கும் தெரியும். தெரிந்தும், எதிரில் நிற்பவரைப் பார்க்கத் தவறினால் அடி விழும். நீ அடிக்கிற பக்கம், நான் தடுக்கிற பக்கம். மற்ற நேரங்களிலும் நாம் அப்படித்தானே இருந்தோம்? போகப் போக உன் குத்து வருகிற இடத்துக்கு என் கை தானாகப் போய் நிற்கத் தொடங்கியது. சமையலறையில் நீ கரண்டியை நீட்டினாலும் தடுக்கப் போகும்.

அதற்குப் பிறகு உனக்கு வருத்தம் வந்தது. அதை விரித்து எழுதப்போவதில்லை, நீயே அதைப் பற்றிக் கதைக்க விடமாட்டாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு, "நீ ஆரோடையும் போய் அடிபடு. விட்டிட்டு வீட்டில குந்தியிராதை" என்றாய். நான் தலையாட்டினேன். நீ போன பிறகு வீட்டில்தான் குந்தியிருந்தேன்.

பனி கரையத் தொடங்கிய நேரம் லின் ரீச்சர் தொலைபேசி எடுத்தார். எங்கள் பகுதியின் கோடை விழாவில் இருவர் ஆட்டம் காட்ட வேண்டுமாம். உன் பக்கத்தை ஊலே பழகிவிட்டாராம், எதிரில் நிற்க நான் வரவேண்டுமாம். பின்வரிசையில் நின்று பழகுவாரே, தபால் பிரிக்கும் இடத்தில் வேலை செய்பவர், அந்த ஊலேதான். தென்னை மரம் மாதிரி உயரம். நீயோ என் தோளைக் கொஞ்சம் தாண்டுவாய், அவ்வளவுதான்.

வூஷுவில் குத்து, குத்துகிறவரின் தோள் உயரத்தில் போகும். உன் குத்து என் நெஞ்சுக்கு வரும். ஊலேயின் குத்து எங்கே வரும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். அவர் குத்தினார். என் கை நெஞ்சுக்கு முன்னால், உன் உயரத்தில், மிக அழகாகப் போய் நின்றது. ஊலேயின் கை அதற்கு மேலால் வந்து என் மூக்கில் இறங்கியது.

இரத்தம். ஊலே என்னைவிட வெளிறிப்போய், அந்தப் பெரிய உடம்பை எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். நான் ஐஸ் பையை மூக்கில் வைத்தபடி சிரிக்கிறேன், அழுகிறேன். இல்லாதவளின் குத்தைத் தடுக்கப் போய் இருக்கிறவரிடம் அடி வாங்கியவள் உலகத்தில் வேறு யாராவது உண்டா?

லின் ரீச்சர் என் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். "உன் கை பிழையாக நிற்கவில்லை, வேறு ஆளைப் பார்த்து நிற்கிறது. தனியே பழகும்போதும் எதிரில் ஒரு ஆளைக் காணச் சொல்லி நான்தானே உனக்குச் சொன்னேன்? ஆள் தெரியாவிட்டால் அது வெறும் உடற்பயிற்சி" என்றார். பிறகு மெதுவாக, "ஆனால் ஊலேயோடு ஆடுவதென்றால் கையை உயர்த்தத்தான் வேண்டும்" என்றார்.

எனக்கு அதுதான் முடியவில்லை, மலர். உன் உடுப்பை மீரா எடுத்துக்கொண்டாள், உன் சட்டிபானை சிவா அண்ணையிடம் இருக்கிறது. என்னிடம் இருந்தது இந்த ஒரு உயரம்தான். கையை மேலே பழக்கிவிட்டால் அது உன்னை மறந்துவிடும் என்று பயந்தேன். வெட்கத்தை விட்டு ஊலேயிடம் அப்படியே சொன்னேன்.

அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? "அப்படியென்றால் நான் பதிந்து குத்துகிறேன்" என்றார். முழங்காலை மடித்து, கட்டிலுக்குக் கீழே செருப்புத் தேடுகிறவரைப் போல் குனிந்து நின்று, உன் உயரத்திலேயே குத்தினார். பார்க்கச் சிரிப்பாக இருந்தது, எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. சில கிழமைகள் அப்படியே ஓட்டினோம். ஒருநாள் தேபானே ரயில் நிலையத்தில் அவரைக் கண்டேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருந்தார். முழங்கால் நோகிறதா என்று கேட்டதற்கு, வயது போகிறது, வேறொன்றும் இல்லை என்றார்.

எனக்காக ஒரு நல்ல மனிதர் மூட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உனக்குத் தெரிந்தால் கரண்டியாலேயே என்னைச் சாத்தியிருப்பாய். அடுத்த செவ்வாய், "நீங்கள் நிமிர்ந்து நின்று குத்துங்கள்" என்றேன். கையை உயர்த்தப் பழகினேன். முதல் முறை சரியாகத் தடுத்தபோது ஊலே குழந்தைப்பிள்ளை மாதிரித் துள்ளினார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், உன்னை விற்றுவிட்டு வருவதுபோல் இருந்தது.

விழா அன்று மழை தூறி ஓய்ந்திருந்தது. பூங்காவில் ஒரு பக்கம் சோமாலியர் சமோசா பொரிக்க, மறுபக்கம் நோர்வேக்காரர் வாஃபல் சுட, நடுவில் ஈரப்புல்லில் ஊலேயும் நானும் ஆடினோம். கை உயர்ந்தது, மூக்கு தப்பியது, சனம் கை தட்டியது. வணக்கம் போட்டு நிமிர்ந்தால், கூட்டத்தின் பின்னால் மீராவோடு சிவா அண்ணை.

சனம் கலைந்த பிறகு கிட்ட வந்தார். "ரஞ்சி, மலர் எந்தப் பக்கம் நிண்டவ?"

"ஊலேயின்ர பக்கம், அண்ணை. அடிக்கிற பக்கம்."

"அதுதானே பாத்தன்" என்று சிரித்தார். பிறகு புல்லைப் பார்த்தபடி, "நான் ஒருநாளும் பாக்கேல்லை. அவ ஆடினமாதிரி ஒருக்காக் காட்டுவீங்களே?" என்றார்.

ஊலே எழுந்து வந்தார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். எதிரில் ஒருவரும் இல்லாமல், என் பக்கத்தை மட்டும் ஆடத் தொடங்கினேன். முதல் தடுப்புக்கே கை கீழே போய், நெஞ்சுக்கு முன்னால், உன்னிடத்தில் நின்றது. அது ஒன்றையும் மறக்கவில்லையடி. நான் விலகினேன், தடுத்தேன், பின்வாங்கினேன். அண்ணை முதலில் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் போக அவருடைய கண் என்னை விட்டு எதிர்ப்பக்கம் போனது. சற்றுக் கீழே, சரியாக உன் முகம் வருகிற இடத்துக்கு. நான் வேகமாகப் பின்னால் போக, அவர் தன்னை மறந்து சத்தமாகச் சொன்னார்:

"மெதுவா, மலர்! ரஞ்சிக்கு நோகப்போகுது."

கடைசி அடி உனக்குத் தெரியும். நீ காலைத் தட்ட, நான் மல்லாக்க விழவேண்டும். விழுந்தேன். ஈரப்புல்லில் கிடந்தபடி, மீரா அழுதுகொண்டு சிரிக்கும் சத்தத்தைக் கேட்டேன். அண்ணை கண்ணைத் துடைத்துவிட்டு என்னைத் தூக்கக் கை நீட்டினார். "இன்னொருநாளும் காட்டுவீங்களே?" என்றார். ஓம் என்றேன்.

உனக்கும் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமைகளில் ஊலேக்காகக் கையை உயர்த்துவேன். அண்ணை கேட்கும் போதெல்லாம் உனக்காக இறக்குவேன். மூட்டு இடங்கொடுக்கும் வரை நீ தட்ட நான் விழுவேன். இது சத்தியம்.

மீராவின் பெரியம்மா,
உன் ரஞ்சி