வெள்ளைத் தோலில் ஒரு சொட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அப்பா நேரத்துக்கு மாத்திரை போடுகிறாரா?

செவ்வாய்க்கிழமை பட்டறையில் கைப்பையின் பிடியைத் தைக்கும்போது குத்தூசி நழுவி இடது கட்டைவிரலில் ஏறிவிட்டது. பயப்படாதீர்கள். பைக்கு அங்குலத்துக்கு எட்டுத் தையல். எனக்கு மொத்தமே மூன்றுதான். ஆனால் வெள்ளைத் தோலில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்துவிட்டது. அந்தக் கறை போகாது. இரண்டு நாள் உழைப்பு வீண். வேலையே போய்விடுமோ என்ற பயத்தோடுதான் மேற்பார்வை அக்காவிடம் காட்டினேன்.

"தோல் கெடக்கு, வேற வெட்டிக்கலாம். முதல்ல வெரலக் காட்டு" என்றார்.

ஒரு கையால் பின்ன வராமல் மறுநாள் அவிழ்ந்த தலையோடு போனேன். அக்காவே உட்காரவைத்துப் பின்னிவிட்டார். வீட்டை விட்டு வந்த இந்த இரண்டு வருஷத்தில் என் தலையில் இன்னொரு கை பட்டது அன்றுதான். அடுத்த பார்சலில் அகலப்பல் சீப்பு ஒன்று வையுங்கள்.

நான் அனுப்பிய கைப்பையைப் பீரோவில் பூட்டிவைக்காதீர்கள், பூசணம் பிடிக்கும். நனைந்தால் வெயிலில் போடாமல், உள்ளே காகிதம் திணித்து நிழலில் காயவையுங்கள். காய்கறி வாங்கப் போனாலும் தோளில் மாட்டிக்கொண்டு போங்கள். அதன் வார் முழுக்க நான் தைத்தது.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்