இடப்பக்க இருக்கையில் 'ஆள் இல்லை' என்று பதிந்தது தொடர்பாக

அனுப்புநர்
சு. பாண்டிமீனா,
க/பெ. காலஞ்சென்ற சுருளி,
தட்டச்சர் (பணி ஓய்வு),
ஆனையூர், மதுரை.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்,
மதுரை.

பொருள்: பழைய கார் – என்ஜின் விளக்குப் பழுதுக்காக விடப்பட்டது – கேட்ட பழுது சரியாகாதது – கேட்காத இடத்தில் கை வைத்து இடப்பக்க இருக்கையின் பெல்ட் எச்சரிக்கையை நிறுத்தியது – பழையபடி மீட்டுத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

வணக்கம். நான் பேரையூர் தாலுகா அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மனு என்றால் சுருக்கமாக இருக்க வேண்டும், அதில் சொந்தக் கதை கூடாது என்று வந்தவர்களிடமெல்லாம் கண்டிப்பாகச் சொன்னவள். என் மனுவை எழுத உட்கார்ந்த பிறகுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிகிறது. முடிந்தவரை சுருக்கிச் சொல்கிறேன்.

1. மேற்படி காரை நானும் என் கணவரும் பழைய வண்டியாக வாங்கினோம். ஓட்டுபவள் நான். என் கணவருக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுப்பார். பேரையூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மல்லிகைத் தோட்டம் உண்டு. விடியலில் போய், பறித்த பூவை ஈரச் சாக்கில் கட்டி, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் போட்டுவிட்டு வீடு திரும்புவோம். டிக்கியில் வைத்தால் பூ வெந்துபோகும் என்று சாக்கை மடியில்தான் வைத்துக்கொள்வார். ஏசிக் காற்று முழுவதும் பூவுக்கே போகும். எனக்கு வேர்த்து ஊற்றும்.

2. மடியில் சாக்கு இருப்பதால் அவர் சீட் பெல்ட் போடமாட்டார். வண்டி கீங் கீங்கென்று கத்தும். "இந்தா, ஆரம்பிச்சிருச்சு" என்பார். "பெல்ட்டப் போட்டுத் தொலைங்களேன்" என்பேன் நான். "பூவு நசுங்கும்டி. நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்பார். திருமங்கலம் தாண்டும்வரை எங்களுக்கு இதுதான் பேச்சு. இது சட்டப்படி குற்றம் என்பதை அறிவேன். அபராதம் விதிப்பதென்றால் என் பெயரில் விதிக்கலாம். என் கணவர் சென்ற தை மாதம் மாரடைப்பால் காலமாகிவிட்டார்.

3. காரியமெல்லாம் முடிந்து, வந்த சொந்தங்கள் எல்லாம் ஊர் திரும்பிய பிறகு, முதன்முறையாகத் தனியே வண்டியை எடுத்தேன். இடப்பக்கம் யாரும் இல்லை. என் கைப்பைகூடப் பின் இருக்கையில்தான் இருந்தது. தெருமுனை திரும்புவதற்குள் வண்டி கத்த ஆரம்பித்துவிட்டது. "பெல்ட்டப் போட்டுத் தொலைங்களேன்" என்று என் வாய் தன்னால் சொல்லிவிட்டது. ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். இந்த வரி மனுவுக்குத் தேவையில்லை என்று நீக்கிப் பார்த்தேன்; நீக்கினால் மேற்கொண்டு சொல்வது எதுவும் விளங்கவில்லை. ஆகவே விட்டுவைத்திருக்கிறேன்.

4. இருக்கையில் ஆள் இருக்கிறதா என்று பார்க்கும் சென்சார் பழுதானது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவர் இருந்தவரை தெரிய வழியே இல்லை. ஆள் உட்கார்ந்திருந்தார், வண்டி கத்தியது, சரிதானே என்று இருந்தோம். பூச்சாக்கின் தண்ணீர் வடிந்து வடிந்து இருக்கைக்குள் இறங்கி, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆள் இருப்பதாகவே சொல்லும்படி சென்சார் கெட்டுப்போயிருக்கிறது. பின்னால் வண்டியைப் பழுதுக்கு விட்ட கார் விற்பனை நிலையத்தார் சொன்ன காரணம் இது. இதில் அவர்கள் மேல் தவறில்லை. தவறு என் கணவருடையது.

5. அந்தப் பழுதைச் சரிசெய்யும்படி நான் யாரிடமும் கேட்கவில்லை. தோட்டத்தை விடாமல் நானே பார்க்கிறேன்; பூவைப் பின் இருக்கையில் வைத்துக் கொண்டுவருகிறேன். வண்டி கத்தும், நான் திட்டுவேன், வழி போவதே தெரியாது. வீட்டில் என்னிடம் பேச யாரும் இல்லை. மகள் தமிழ்வாணி பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். மற்ற நாளில் டிவி பேசும், ஆனால் என்னைப் பார்த்துப் பேசாது. எனக்குப் பைத்தியம் என்று தாங்கள் நினைக்க வேண்டாம். அவர் இல்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

6. இந்நிலையில் என்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. மேட்டில் வண்டி இழுக்கவில்லை. புறவழிச்சாலையில் உள்ள கார் விற்பனை நிலையத்தின் பணிமனையில் விட்டேன் (பெயரும் ரசீது நகலும் இணைப்பில் காண்க). புகைபோகும் குழாயில் உள்ள சென்சார் தப்பாகக் கணக்குக் காட்டுகிறது என்றார்கள். மாற்றிவிடுங்கள் என்றேன். அங்குள்ள பணியாளர் விக்ரம், "மொதல்ல சாஃப்ட்வேர் அப்டேட் போடுவோம்மா, எல்லாம் சரியாயிரும்" என்றார். இருக்கையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.

7. மறுநாள் வண்டியை எடுத்தேன். என்ஜின் விளக்கு அணைந்திருந்தது. புறவழிச்சாலையில் ஏறிய பிறகுதான் உறைத்தது: வண்டியில் சத்தமே இல்லை. இறங்கி இடப்பக்கக் கதவைத் திறந்து, சாத்தி, மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. விக்ரமுக்குப் போன் செய்தேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஆமாம்மா, யாருமே உக்காரல, அது பாட்டுக்குக் கத்திக்கிட்டே கெடந்துச்சு. அந்த சீட்டுல ஆள் இல்லைன்னு செட் பண்ணிட்டோம். ஃப்ரீதாம்மா, காசு வேணாம்."

8. அந்தத் தம்பி மேல் எனக்கு விரோதம் இல்லை. நல்லது செய்ததாகத்தான் நினைத்தார். ஆனால் போனை வைத்த பிறகு என்னால் வண்டியை எடுக்க முடியவில்லை. சாவுச் சான்றிதழ் வாங்கிய அன்றுகூட எனக்கு அப்படி ஆகவில்லை. அந்தச் சான்றிதழ் தந்த அலுவலகத்தில் முறைப்படி என்னைக் கேட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பதிந்தார்கள்.

9. அந்த வாரமே பேரையூர் போகும் வழியில் என்ஜின் விளக்கு மறுபடி எரிந்தது. நான் கேட்டது சரியாகவில்லை, கேட்காதது சரியாகிவிட்டது. திரும்பப் போய், புகைக்குழாய் சென்சாரை மாற்றுங்கள், இருக்கையைப் பழையபடி வையுங்கள் என்றேன். சென்சாருக்கு, அடுத்த அப்டேட் வரட்டும் என்றார்கள். இருக்கைக்கு, "அப்டேட் போட்டா போட்டதுதாம்மா, பின்னாடி போக முடியாது" என்றார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு வாடிக்கையாளர், "சத்தம் போனதுக்கா அக்கா சண்ட போடுறீங்க?" என்று சிரித்தார். மகளிடம் சொன்னேன். "விடும்மா, தொல்லை விட்டுச்சுல்ல" என்றாள். அவளும் தெரியாமல் சொன்னதுதான்.

10. பழுதான சென்சாரை நிறுத்தியதில் என்ன குற்றம் என்று எதிர்த்தரப்பார் கேட்கக்கூடும். அவர்கள் நிறுத்தியது சென்சாரின் தப்பை மட்டுமல்ல, சென்சாரையே. வீட்டிலிருந்த அரிசி மூட்டையை இழுத்துவந்து இடப்பக்கம் வைத்து ஓட்டிப் பார்த்தேன், கத்தவில்லை. மூட்டையைத் திரும்ப நானே இறக்கி வைத்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. இனிமேல் அந்த இருக்கையில் உண்மையாகவே ஒருவர் பெல்ட் போடாமல் உட்கார்ந்தாலும் வண்டி அவரை எச்சரிக்காது. பாதுகாப்புக்கு உரிய ஒன்றை உரிமையாளரைக் கேட்காமல் நிறுத்தியது சேவைக் குறைபாடு என்பது என் வாதம்.

11. ஆகவே, புகைக்குழாய் சென்சாரை மாற்றித் தரவும், இடப்பக்க எச்சரிக்கை முன்பு எப்படி இருந்ததோ அப்படியே வைத்துத் தரவும் எதிர்த்தரப்பாருக்கு உத்தரவிடும்படி வேண்டுகிறேன். காலி இருக்கைக்கும் கத்த வேண்டும் என்று கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்று தாங்கள் சொன்னால் அதை ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால், ஆள் உட்கார்ந்தால் கத்தும்படியாவது செய்து தரச் சொல்லுங்கள். அந்த இருக்கையில் ஆள் இல்லை என்பது உண்மை. அதை என்னைக் கேட்காமல் பதிய அவர்களுக்கு உரிமை இல்லை.

12. கடைசியாக ஒன்று. அரிசி மூட்டையை வைத்துச் செய்த சோதனை செல்லாது, ஆளை உட்கார வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று, நான் போனில் சொன்னபோது எதிர்த்தரப்பார் சொன்னார்கள். நியாயம்தான். ஆனால் கூப்பிட்டு உட்கார வைக்க எனக்கு ஆள் கிடையாது. ஆணையத்திலிருந்து ஆய்வுக்கு வரும் அலுவலர் அவர்களே தயவுசெய்து இடப்பக்கம் உட்கார வேண்டும். வாசலிலேயே என்ஜினை ஓடவிட்டுக் காட்டுகிறேன். அதுவரை பெல்ட் போட வேண்டாம். சோதனை முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம், மாட்டுத்தாவணி வரை நானே கொண்டுபோய் விடுகிறேன். ஒருவேளை அவர் போட மறந்துவிட்டால், வண்டி சொல்லாது. நான் சொல்கிறேன்.

தங்கள் அலுவலர் எந்த நாளில் வந்தாலும், பூ மார்க்கெட்டிலிருந்து திரும்பிய பிறகு நான் வீட்டில்தான் இருப்பேன். முன்கூட்டித் தெரிவிக்க வேண்டியதில்லை.

இடம்: ஆனையூர், மதுரை
நாள்: 18.11.2024

இப்படிக்கு,
சு. பாண்டிமீனா

இணைப்பு: வண்டிப் பதிவுச் சான்று நகல், பணிமனை ரசீது நகல்.