டிரைவர் பக்கத்தில் இரண்டு இடம்

இரும்புலியூர்,
ஏப்ரல் 24.

அன்புள்ள பிரியா,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். நீயும் அங்கே சுகமாக இருக்கவேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

தினமும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிறவனுக்குக் கடிதம் ஒரு கேடா என்று நீ நினைக்கலாம். போனை எடுத்தால் ஃபிரெடி நடுவில் புகுந்து விழுந்த பல்லைக் காட்டுகிறான். ரினி ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். நான் சொல்ல வந்ததில் பாதி சொல்லாமலே போய்விடுகிறது. இப்போது சேலையூரில், பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே மரத்தடியில் வேனை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் மேல் நோட்டை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாகப் போனால் பொறுத்துக்கொள். பரீட்சை நடப்பதால் பிள்ளைகள் வெளியே வரப் பன்னிரண்டரை ஆகும். உன் கூட வேலை பார்க்கும் புஷ்பம் லீவு முடிந்து மே 12-ம் தேதி பெர்லின் திரும்பும்போது இது அவள் பையில் வரும். அவளோடு நம் பிள்ளைகளும் வருவார்கள்.

என் விசா எப்படிப் போனது என்பதை முழுதாக உன்னிடம் சொல்லவில்லை. வெட்கம்தான் காரணம். ஏஜென்ட் என்னிடம், குடும்பத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள், ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்கிறேன் என்றார். நான் பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசுவது மாதிரி எழுதிவிட்டேன். என் மனைவிக்கு அங்கே பெரிய முதியோர் இல்லத்தில் நிரந்தர வேலை, நல்ல வீடு, எங்கள் மூன்று பேரையும் வைத்துப் பார்த்துக்கொள்ள அவளால் முடியும், எங்களுக்கு ஒரு குறையும் வராது என்றெல்லாம் எழுதினேன். கவுன்ட்டரில் இருந்த பெண் உங்கள் வேலைக்கு எத்தனை நாள் லீவு கிடைக்கும் என்று கேட்டார். நான் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, சொந்த வேன் மேடம், நானே முதலாளி, எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம், என்னைக் கேட்க ஆளே இல்லை என்றேன். நல்ல பதில் சொல்லிவிட்டோம் என்று வெளியே வந்து ஜூஸ் வேறு குடித்தேன்.

ஏழு நாளில் தாள் வந்தது. பிள்ளைகள் இருவருக்கும் விசா. எனக்கு இல்லை. இவர் திரும்பி வருவார் என்று நம்ப முடியவில்லை என்று காரணம் போட்டிருந்தார்கள். பிரியா, இந்த வீட்டில் கட்டாயம் திரும்பி வரக்கூடிய ஒரே ஆள் நான். என்னைத்தான் அவர்கள் நம்பவில்லை.

ரினி காலண்டர் தாளின் பின்பக்கம் பெர்லின் வரைபடம் போட்டு வைத்திருக்கிறாள். முதல் நாள் மிருகக்காட்சிசாலை, இரண்டாம் நாள் ஆற்றில் படகு, மூன்றாம் நாள் அந்த உயரக் கோபுரம், ஞாயிறு உன்னோடு சர்ச். நாலு பேரையும் குச்சி மனிதர்களாகப் போட்டிருந்தாள். தாள் வந்த அன்று மாலை பார்த்தேன், என்னை ரப்பரால் அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மரம் வரைந்திருந்தாள். ஏன் என்று கேட்கவில்லை. மரமாவது கூட நிற்கட்டும்.

தாம்பரம் மார்க்கெட்டில் ஸ்வெட்டர் கேட்டேன். இந்த வெயிலில் ஸ்வெட்டரா என்று கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இன்னா சார், உடம்புக்கு எதுனா முடிலயா என்றார். பரணில் இருந்து போன வருஷத்து மூட்டையை இறக்கி இரண்டு எடுத்துக் கொடுத்தார். ஃபிரெடிக்குக் கொஞ்சம் பெரிது. வளருகிற பிள்ளைதானே என்று வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், பத்து நாளில் எவ்வளவு வளர்ந்துவிடுவான் என்று தோன்றியது.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்குப் புதிதல்ல. ஃபிரெடி இரும்புலியூரில் ஏறி கேம்ப் ரோடு திரும்புவதற்குள் வாந்தி எடுக்கிறவன். அதனால்தான் டிரைவர் பக்கத்து சீட்டில் ஜன்னலோரம் அவன் இடம், அவனை அணைத்துப் பிடித்துக்கொள்ள ரினிக்கு நடு இடம். பதினைந்து மணி நேரம் அவன் எப்படித் தாங்குவான். நடுவில் வேறு விமானம் மாறவேண்டும். அந்த விமான நிலையத்தில் புஷ்பம் பாத்ரூம் போனால் இவர்கள் எங்கே நிற்பார்கள். ரினி போர்டு எதைப் பார்த்தாலும் படித்துக்கொண்டே நடந்துவிடுவாள். குளிரில் ஃபிரெடிக்கு இழுப்பு வந்தால் மருந்தை இரண்டு முறை அடித்துவிட்டு முதுகை நீவிக் கொடுக்கவேண்டும், வெறும் மருந்து போதாது. பொழிச்சலூர் ட்ரிப் போகும்போது விமானம் தலைக்கு மேலே தாழ்வாக இறங்கும். வேனில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் கத்துவார்கள். முன்பு நானும் சேர்ந்து கத்துவேன். இப்போது அந்தச் சத்தம் கேட்டாலே கை பிரேக்கைத் தேடுகிறது.

புஷ்பத்திடம் இதையெல்லாம் சொன்னேன். இன்னாண்ணா இப்டி பயந்துகினு இருக்கீங்க, எங்கூட வர்ற புள்ளைங்க என் புள்ளைங்க இல்லியா என்றாள். நல்ல பெண். அவளைப் பற்றி எனக்குப் பயமில்லை. திரும்பும்போது யார் கூட்டிவருவார்கள் என்று மட்டும் கேட்டேன். அவள் டீ கிளாஸைக் கழுவப் போய்விட்டாள். கழுவி முடிக்க ரொம்ப நேரம் ஆனது.

திரும்பும் டிக்கெட் தாளில் மே 23 என்று இருக்கிறது. அது விசாவுக்காகப் போட்டது சார், பணம் கட்டாத புக்கிங், அப்புறம் தானாகக் கேன்சல் ஆகிவிடும், நிஜ டிக்கெட் மேடம் அங்கேயிருந்து போடுவார்கள் என்று ஏஜென்ட் சொன்னார். நீ போட்டுவிட்டாயா என்று ஒரு வாரமாக உன்னிடம் கேட்க நினைக்கிறேன். கேட்டால் நீ பதில் சொல்லவேண்டி வரும். அதனால் கேட்கவில்லை.

மணி அடித்துவிட்டது. மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

மே 11, பிற்பகல்.

பெட்டி கட்டியாகிவிட்டது. பிள்ளைகள் இருவரும் எதிர் வீட்டில் சொல்லிக்கொள்ளப் போயிருக்கிறார்கள். அவர்கள் வருவதற்குள் இதை முடித்தாக வேண்டும்.

பிள்ளைகள் வேறொருவரோடு போவதால் தகப்பன் சம்மதக் கடிதம் வேண்டுமே, அதற்கு லக்ஷ்மிநாராயணன் சாரிடம் போனேன். தாம்பரத்தில் வேன் எஃப்.சி.க்கு அஃபிடவிட் போட்டுத் தருவாரே, அந்த நோட்டரி வக்கீல்தான். அவர் சொல்லச் சொல்ல அவருடைய டைப்பிங் பையன் தட்டினான்: என் மனைவியைக் காணச் செல்லும் என் மக்கள் இருவரையும், நல்ல நினைவோடும் முழு மனதோடும், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல் அனுப்பி வைக்கிறேன். எந்தத் தேதிக்குள் திரும்புவார்கள் என்று சார் கேட்டார். மே 23 என்றேன். உறுதிதானே என்றார். டிக்கெட்டில் இருக்கிறது சார் என்றேன். கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை. சார் தன் பேனாவைக் கொடுத்தார்.

இன்னொன்றும் உன்னிடம் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளின் ஒரிஜினல் பிறப்புச் சான்றிதழும் தடுப்பூசி அட்டையும் அனுப்பு என்று மார்ச் மாதத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாய். தேடுகிறேன், கிடைக்கவில்லை, வெள்ளத்தில் போயிருக்கும் என்றேன். பொய். அவை பீரோவில் உன் கல்யாணப் புடவைக்குக் கீழே இருந்தன. நான்தான் அங்கே வைத்தேன். பத்து நாள் ஊர் சுற்றிப் பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று என் அக்கா ஷர்மிளா கேட்டாள். அங்கே எதற்கும் கேட்பார்கள் அக்கா, வெளிநாடு அப்படித்தான் என்று உனக்காக நான் பேசினேன். பேசிவிட்டு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ரினிக்குத் தெரியும் பிரியா. அவள் வாயைத் திறக்கவில்லை. நீ சொல்ல வேண்டாம் என்றிருப்பாய். நாலு நாளாக அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவள் பெட்டியில் இந்த வருஷத்து ரேங்க் கார்டு, சர்ச்சில் வாங்கிய மெடல், கிளாஸ் போட்டோ எல்லாம் இருக்கின்றன. அவள் மீன் தொட்டியை எப்படிக் கழுவுவது என்று ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். பத்து நாளைக்குத் தொட்டி கழுவத் தேவையில்லை. ஃபிரெடியின் பெட்டியில் அவனே வைத்தது ஒரு பிளாஸ்டிக் பஸ் மட்டும். 29-ம் தேதி எதிர் வீட்டுப் பையனுக்குப் பிறந்தநாள், அதற்குள் வந்துவிடுவோம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவன் சொல்லும்போதெல்லாம் ரினி எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறாள். பத்து வயதுப் பிள்ளையின் தலையில் இதைச் சுமத்தியிருக்க வேண்டாம். என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் கத்தியிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன். அதற்கு மேல் என்ன செய்திருப்பேன்.

உன்மேல் மட்டும் பழி போட மாட்டேன். நீ போய் ஆறாம் மாதமே, குடும்பத்தோடு இங்கே வந்துவிடு, கொஞ்சம் ஜெர்மன் படி என்றாய். மூன்று நாள் வகுப்புக்குப் போனேன். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து என் பெயரைச் சொல்லத் தெரியாமல் விழித்தேன். நாலாம் நாள் டயர் பஞ்சர் என்று உன்னிடம் சொன்னேன். டயர் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வருஷத்தில் நீ வந்துவிடுவாய் என்று நான் நம்பினேன், நான் வந்துவிடுவேன் என்று நீ நம்பினாய். நீ வீடியோவில் சொல்லிக்கொடுத்து ரினி எழுதிய பழைய ஜெர்மன் நோட்டு இப்போது வேன் டேஷ்போர்டில் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து வார்த்தை. நேற்றுப் படித்ததில் இரண்டு மறந்துவிட்டது.

சான்றிதழ்கள், தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு ரினி பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன். இனி அவற்றைத் தேடவேண்டாம்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மே மாதம்தான் அடுத்த வருஷத்துக்கு சீட் கொடுக்கிற நேரம் என்பது உனக்குத் தெரியும். கேம்ப் ரோட்டில் ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகளுக்காக மூன்று தடவை வந்துவிட்டார். முன்னாடி ரெண்டு இடம் காலியாமே அண்ணா, பசங்க ஊருக்குப் போறாங்களாமே என்றார். யார் சொன்னது, அதெல்லாம் ஃபுல் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அந்த அம்மா முகம் வாடிவிட்டது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் ஏழே காலுக்கு வேனை எடுக்கவேண்டும். அந்த இரண்டு இடமும் காலியா இல்லையா என்று மட்டும் அதற்கு முன்னால் எனக்கு எழுது. காரணம் எதுவும் எழுதவேண்டாம். நீ எழுதும்வரை அங்கே யாரையும் உட்காரவிட மாட்டேன்.

நாளைக்கு விமான நிலையத்தில் நான் அழமாட்டேன். ஃபிரெடி பயந்துவிடுவான். நீ இதைப் படிக்கும் நேரம் அவர்கள் உன் இரண்டு பக்கமும் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஃபிரெடிக்குக் கால் மேல் ஏதாவது கனமாக இருந்தால்தான் தூக்கம் வரும், இரண்டு வருஷமாக என் கையை வைத்திருக்கிறேன். உன் கையை வை. ஆண்டவர் உங்கள் மூவரையும் குளிர், நோய், தனிமை எதுவும் அண்டாமல் பார்த்துக்கொள்வாராக. அவர்கள் வந்த வழி அவருக்குத் தெரியும், திரும்புகிற வழியும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

முழு மனதோடும், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமலும் எழுதியது,

உன்
அசரியா.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. வந்துவிட்டார்கள்.