கழுதை தின்ற மூன்று அடி

பாறை மேட்டுக் கூடாரம்
மார்ச் 3

அன்பு மருமகளுக்கு,

பூமாதேவியின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்த மாவீரனாகிய உன் மாமா எழுதுவது. நலம். முழங்கால்கள் இரண்டும் போன வாரமே ராஜினாமா கொடுத்துவிட்டன. நான்தான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

தொண்ணூற்றாறு கிணறு அளந்து முடித்தாயிற்று. நாடாவின் நுனியில் ஈயக் குண்டைக் கட்டிக் கிணற்றில் விடுவது, குண்டு தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்டதும் எத்தனை அடி என்று நோட்டில் குறிப்பது, இதுதான் தினப்படி தவம். ஒரு அம்மா இரக்கப்பட்டு, "இந்தக் கிணத்துல மீன் கிடையாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு துக்கச் செய்தி. இங்கே வந்த முதல் நாளே, மூட்டை சுமக்கும் கழுதை என் அளவு நாடாவின் முதல் மூன்று அடியைத் தின்றுவிட்டது. இப்போதுதான் சொல்லத் தைரியம் வந்தது. மிச்ச நாடாவில் குண்டைக் கட்டிக்கொண்டுதான் ராஜ்ய பரிபாலனம்.

மேட்டின் உச்சியில் அறுபது வீடு. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சர்க்கார் ஒரே ஒரு கிணறு வெட்டித் தரும். நம் வரைபடம் சொல்லும் ஆழத்துக்குக் கீழே இரண்டு அடி வரை வெட்டுவார்கள். தண்ணீர் வரவில்லையென்றால் ஃபைலை மூடிவிடுவார்கள். கல் உடைக்கும் ஒரு பெண் எனக்கு ஒரு குவளை தண்ணீர் கொடுத்துவிட்டு, "போன தடவை அளக்க வந்தவரும் தண்ணி வரும்னுதான் சொன்னாரு" என்றாள். அது இரண்டு மைல் நடந்து வந்த தண்ணீர். பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். என் வாழ்நாளில் நான் குறைத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

நீ வரைபடம் வரைய நோட்டுப் பக்கங்கள் இத்துடன்.

கிணறுகளின் சக்கரவர்த்தி,
உன் மாமா


வரைபட அறை
மார்ச் 12

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "என் தம்பி சொன்னா பாதியைக் கழிச்சுக்கோ" என்றார், வழக்கம்போல. கழுதை விஷயம் மட்டும் நிஜமாக இருக்கும் என்று முடிவு செய்தோம். அதைப் பெருமைக்காகச் சொல்லியிருக்க முடியாது.

இங்கே ஒரு சங்கடம். உங்கள் அளவை வைத்து நான் வரைந்த தாளும், பக்கத்துப் பகுதியை அளக்கும் உங்கள் சகா கண்ணாடிக்காரரின் தாளும் ஓரத்தில் ஒட்டவில்லை. எல்லையில் இருக்கும் கிணற்றை நீங்கள் இருவருமே அளந்திருக்கிறீர்கள். நம் தாளில் தண்ணீர் இருபத்தெட்டு அடியில். அவர் தாளில் முப்பத்தொன்றில். எல்லைக் கோட்டைக் கண்டதும் தண்ணீர் மூன்று அடி துள்ளிக் குதிக்கிறது. அவர் தப்பாக அளந்திருப்பார் என்கிறேன் நான். அலுவலகத் தலைவர் மாதக் கடைசிக்குள் விளக்கம் கேட்கிறார்.

மேட்டுக் கிணற்றுக்கு உத்தரவு போய்விட்டது. நம் தாள்படி நாற்பது அடியில் தண்ணீர். நாற்பத்திரண்டு வரை வெட்டுவார்கள்.

முழங்காலுக்கு எண்ணெய் தடவுங்கள். கடிதத்தில் மட்டும் தடவினால் போதாது.

உங்கள் மருமகள்


பாறை மேட்டுக் கூடாரம்
மார்ச் 20

அன்பு மருமகளுக்கு,

என் அளவைச் சந்தேகித்த சேதி கேட்டு நான்கு மலைகள் மயங்கி விழுந்தன. இரண்டு நாள் நடந்துபோய், எல்லைக் கிணற்றடியில் கண்ணாடிக்காரரை யுத்தத்துக்கு அழைத்தேன். அவர் நாடா முப்பத்தொன்று காட்டியது. என் நாடா முப்பத்துநான்கு. கழுதைக்குப் போன மூன்றைக் கழித்தால் அதே முப்பத்தொன்று. என் நோட்டையும் வாங்கிப் பார்த்தார். அதிலும் முப்பத்தொன்று.

"அப்புறம் எதுக்கு சார் சண்டை?" என்றார்.

"ரெண்டு நாள் நடந்து வந்திருக்கேன், சும்மா திரும்ப முடியுமா?" என்றேன்.

திரும்பும் வழியில்தான் உறைத்தது. நோட்டில் முப்பத்தொன்று, உன் தாளில் இருபத்தெட்டு. கழுதை ஒரு தடவைதான் தின்றது. இரண்டாம் தடவை தின்றது யார்?

மருமகளே, பேச்சில் நான் புளுகுவேன். நோட்டில் புளுகியதில்லை. ஒவ்வொரு கிணற்றடியிலும் மூன்றைக் கழித்துத்தான் எழுதினேன். கழித்தேன் என்று ஒரு வரி எழுதாமல் விட்டதும் நான்தான். ஆகவே குழப்பம் முழுவதும் என்னுடையது என்று தலைவருக்கு எழுதிவிட்டேன். நீ வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வாயைத் திறக்காதே. இது சக்கரவர்த்தியின் ஆணை.

மாமா


வரைபட அறை
மார்ச் 29

அன்புள்ள மாமாவுக்கு,

நான்தான். கழுதைக் கதையைப் படித்ததும், நீங்கள் கழிக்க மறந்திருப்பீர்கள் என்று நானே முடிவு கட்டி, தொண்ணூற்றாறு எண்ணிலும் மூன்றைக் கழித்தேன். யாருக்கும் தெரியாமல் உங்கள் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைப்பு. ஒரு கார்டு போட்டுக் கேட்டிருக்கலாம். நீங்கள் சொன்னால் கழித்துக்கொள்வது நம் வீட்டுப் பழக்கமாகிவிட்டது.

ஆணையை மீறிவிட்டேன். தலைவர் அறைக்குப் போனேன். உங்கள் கடிதம் மேசைமேல் பிரித்தபடி கிடந்தது. நான் சொல்லி முடித்ததும், "அவரும் மூணு அடி தப்புங்கிறாரு, நீயும் மூணு அடிங்கிற. எனக்கு ஆறு அடி வேண்டாம்மா, மூணு போதும். யாரு?" என்று கேட்டார்.

"நான்தான் சார்," என்றேன்.

வேலை நிரந்தரமாவது ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. தாளின் மூலையில் வரைந்தவர் பெயர் இருக்காது. தொண்ணூற்றாறு எண்ணையும் பிளேடால் சுரண்டித் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். விரல் நுனி கறுத்துவிட்டது. அதெல்லாம் போகட்டும். திருத்திய உத்தரவு நாலு மேசை தாண்டித்தான் தபாலுக்குப் போகும். அதற்குள் வெட்டி முடித்துவிடுவார்கள். நாற்பத்திரண்டில் நிறுத்த விடாதீர்கள் மாமா. தண்ணீர் நாற்பத்து மூன்றில் இருக்கிறது.

உங்கள் மருமகள்


மேட்டு உச்சி
ஏப்ரல் 17

அன்பு மருமகளுக்கு,

இன்று காலை நாற்பத்திரண்டு அடி வந்ததும் மேஸ்திரி கடப்பாரையைக் கீழே போட்டார். திருத்திய உத்தரவு இன்னும் வரவில்லை. காய்ந்த கிணறு என்று எழுதிக்கொண்டு கிளம்பத் தயாரானார்.

"இன்னும் ஒரு அடி," என்றேன்.

"எந்தக் காகிதத்துல இருக்கு சார்?"

உன் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "இது வீட்டுக் கடுதாசி," என்றார்.

"ஆமா. என் வீட்டுல நான் சொன்னதை யாரும் நம்ப மாட்டாங்க. இதுல நம்பியிருக்காங்க பாருங்க."

அவர் அசையவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு நானே இறங்கினேன். முழங்கால்கள் சொன்னதை இங்கே எழுத முடியாது. அரை மணி நேரம் இடித்தேன், கையகலம் பெயர்ந்தது. மேலே அந்தக் கல் உடைக்கும் பெண் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் சுத்தியலோடு கயிற்றில் இறங்கினாள். அதைப் பார்த்து மேஸ்திரியும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மாலை நாலு மணிக்குப் பாறை இடுக்கு நனைந்தது. வெள்ளம், அருவி என்றெல்லாம் எழுதப் போவதில்லை. கணுக்கால் வரை. அந்தப் பெண் முதல் குவளையை என்னிடம் நீட்டினாள். இந்தத் தடவை முழுதாகக் குடித்தேன்.

மேலே ஏறி அளந்தேன். நாடா நாற்பத்தாறு காட்டியது. மூன்றைக் கழித்து, கழித்தேன் என்று ஒரு வரியும் சேர்த்து, நாற்பத்து மூன்று என்று நோட்டில் எழுதியிருக்கிறேன்.

நீ கழிக்காதே.

உன் மாமா