கைநாட்டா, கையெழுத்தா

ஐப்பசி 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். எழுத்து கோணல், மன்னிக்க வேண்டும். யாரும் பார்க்காத நோட்டில் யாரிடம் மன்னிப்புக் கேட்பது? நோட்டிடமே கேட்டுக்கொள்கிறேன். சாமை விதைத்த கை. கோட்டுக்கு மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று தெளித்துவிடுகிறது. ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிப்போகிறது.

சாயந்திரம் பள்ளிக்கூடத்தில் எங்களைப் போன்ற கிழடுகளுக்கு எழுத்து சொல்லித்தருகிற பெண், வளர்மதி டீச்சர். தினம் நாலு வரி எழுதினால் கை படியும் என்றது. முதலில் தேதி போட வேண்டுமாம். போட்டுவிட்டேன்.

இன்று பக்கம் முழுக்க ஒரே வார்த்தை. சின்னாண்டி. என் பெயர். ன் இரண்டு சுழி, ண் மூன்று சுழி. ஒரே பெயருக்குள் இரண்டும். வைத்தவர்களுக்கு எழுதத் தெரியாது, அதனால் வைத்துவிட்டார்கள். சிரிப்பு வந்தது.

அடுப்படியிலிருந்து பொன்னி, "இன்னாய்யா தனியா சிரிக்கற?"

"என் பேரப் பாத்தேன்."

"மூஞ்சியக் கண்ணாடில பாரு. இன்னும் நல்லா சிரிப்பு வரும்."

வீட்டுக்காரி அப்படித்தான்.

மத்தியானம் ஃபோன். அன்வர் பாய், என் வக்கீல் அம்மாவின் குமாஸ்தா, வாணியம்பாடிக்காரர். (இனி வ. அம்மா, அ. பாய். முழுசாக எழுத விரல் வலிக்கிறது.) அடுத்த வாரம் புதன்கிழமை என் கேஸ். கூண்டில் ஏறி நானே சொல்ல வேண்டும். எனக்கு ஒரே குஷி. "இந்த தபா கையெழுத்தே போட்றேன் பாய்" என்றேன்.

பாய் பதறிவிட்டார். 

"தாத்தா, மனுவுல உன்ன எழுதப் படிக்கத் தெரியாதவர்னு போட்டு, கீழ உன் கைநாட்டு வாங்கியிருக்கோம். இப்போ நீ ஸ்டைலா கையெழுத்து போட்டா இன்சூரன்சு வக்கீலு சும்மா வுடுவானா? நாட்டு வச்ச ஆளு வேற, இந்த ஆளு வேற, ஆள் மாறாட்டம்னு குதிப்பான்."

"கத்துகினேன் பாய்."

"கத்துகினியா, நல்லா இரு. ஆனா புதன்கெழம மட்டும் மறந்துடு. கட்டவெரல நீட்டு, வந்துடு."

டீ முழுசாக ஆறிவிட்டது. குடிக்கவில்லை.

ஐப்பசி 4, செவ்வாய்

மழை இல்லை.

கூண்டில் மறக்காமல் இருக்க:
போன வருஷம் மாசி. புளி உலுக்கிவிட்டுத் திரும்பினேன்.
தலையில் மூட்டை. ரோட்டின் ஓரம். நடுவில் இல்லை.
மேலேயிருந்து பைக். வளைவில் ஹாரன் இல்லை.
வலது கால். இரண்டு இடத்தில் முறிவு. உள்ளே கம்பி.

கம்பி இப்போது நகர்ந்திருக்கிறது. பிரித்து மறுபடி வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். நஷ்ட ஈடு வந்தால்தான் அது நடக்கும். வராவிட்டால் சாகும்வரை கோல், ராத்திரி குடைச்சல். புளியமரத்தைக் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான்.

அதை நான் என் கையெழுத்தாலேயே கெடுத்துவிடுவேனா?

ஆள் மாறாட்டம். எழுதிப் பார்த்தேன். பெரிய றா வருகிறது. எழுத நன்றாக இருக்கிறது. படித்தால் பயமாக இருக்கிறது.

ஐப்பசி 6, வியாழன்

நேற்று வகுப்புக்குப் போகவில்லை. டீச்சர் வாசலுக்கே வந்தது. "இன்னா தாத்தா, நேத்து ஆள காணோம்?" கை நோவு என்றேன். தைலம் கொடுத்துவிட்டுப் போனது. பாவம்.

புதன்கிழமை வரை படிக்காத ஆளாக இருந்து பழகலாம் என்று பார்க்கிறேன். முடியவில்லை. கற்றுக்கொள்ள ஒரு வருஷம் ஆனது, மறக்க வழியே இல்லை. புதூர்நாடு போகும் ஜீப் முதுகில் "அம்மா துணை". ரேஷன் கடைக் கதவில் "நாளை வா". கண் தானாகப் படித்துவிடுகிறது. முன்பெல்லாம் கோடும் வளையமுமாகத்தான் தெரியும். அந்தக் கண் எங்கே போனது?

பொன்னியிடம் சொன்னேன். சோப்பு உறையை என் மூக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"பெரியவரே, இதுல இன்னா எழுதிகீது?"

"தெரியாதுங்க."

"யோவ், ஒதடு அசையுது."

மறுபடி. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"இப்போ தலை அசையுது. நீ பொய் சொல்ல லாயக்கில்ல. எம்பது வருசம் ஒரு எழுத்து தெரியாம குந்தியிருந்த, கேசு வர்ற நேரம் பாத்துதான் உனக்கு சரஸ்வதி வந்தாளா?"

"எழுபதுதான்."

"எண்ணவும் தெரியுதா? அதையும் மறந்துடு."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூண்டில் ஏறினதும் சத்தியம் வாங்குவார்கள். சத்தியம் செய்த வாயாலேயே படிக்கத் தெரியாது என்றால் ஜெயிலா? அ. பாயிடம் கேட்கக்கூட பயம்.

ஐப்பசி 9, ஞாயிறு

நல்ல மழை. பலாமரத்துக் கிளை முறிந்தது. ஆட்டுக்குட்டி ஒன்று இருமுகிறது.

நோட்டைச் சாமைக் குதிருக்குள் போட்டு வைத்தேன். யாராவது கேஸ்காரர்கள் வந்து பார்த்தால்? யாரும் மலையேறி வரப் போவதில்லை. தெரியும். ஆனாலும் போட்டு வைத்தேன். எழுதாமல் இருக்க முடியாமல் மறுபடி எடுத்துவிட்டேன். பக்கத்தைத் திருப்பினால் சாமை உதிர்கிறது.

ஐப்பசி 11, செவ்வாய்

நாளை. ஜீப் காலை ஐந்துக்கு.

எடுக்க வேண்டியவை: ஆஸ்பத்திரிக் காகிதம். எக்ஸ்ரே. ஆதார். கோல். வெள்ளை வேட்டி. பொன்னிக்கு வெற்றிலை.
எடுக்கக் கூடாதது: பேனா.

 

ஐப்பசி 13, வியாழன்

வெயில். நேற்று எழுதவில்லை. வந்ததும் விழுந்து தூங்கிவிட்டேன். நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

கீழே போய்ச் சேர்ந்தபோதே புழுக்கம். கோர்ட்டு வராந்தாவில் வேப்பமரத்தடி வரை கூட்டம். வ. அம்மா கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டே வேகமாக வந்தார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க பெரியவரே. கூட ஒரு வார்த்தை வேணாம்." அவ்வளவுதான். கையெழுத்து விஷயம் கேட்பதற்குள் உள்ளே போய்விட்டார். அ. பாய் தூரத்திலிருந்து கட்டைவிரலைக் காட்டினார்.

"சின்னாண்டி, சின்னாண்டி, சின்னாண்டி" என்று மூன்று முறை கூப்பிட்டார்கள். நான் ஏதோ செய்துவிட்டு ஓடிப்போன மாதிரி. கூண்டின் கட்டையைப் பிடித்தேன். சத்தியம் செய்தேன்.

இன்சூரன்சு வக்கீல் சின்ன வயசு. சிரித்த முகம். அதுதான் அதிகப் பயம்.

"இந்த வயசுல மரம் ஏறுவேன்னு சொல்றீங்க?"

"ஏறினேனுங்க. அன்னைக்கும் ஏறினேன்."

"எறங்கும்போது விழுந்துட்டு, பைக் மேல பழி போடுறீங்க."

"இல்லீங்க. மரம் ஹாரன் அடிக்காம வராதுங்க."

நான் சொல்ல நினைத்தது வேறு. பைக் ஹாரன் அடிக்கவில்லை என்பது. வாய் குழறி இப்படி வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். ஜட்ஜ் ஐயா மேசையைத் தட்டினார்.

"இப்போ நடக்குறீங்க இல்ல? நடந்துதானே கூண்டுக்கு வந்தீங்க?"

"கோலு ஊனிகினு நடக்கறேனுங்க."

"வீட்டுல பொழுது எப்படிப் போகுது?"

எவ்வளவு அன்பாகக் கேட்டார். நம் ஊர்ப் பிள்ளை கேட்கிற மாதிரி. நான் ஏமாந்துவிட்டேன். "படிக்கறேனுங்க" என்றேன்.

கதவோரம் அ. பாய் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"படிக்கிறீங்களா? எழுதப் படிக்கத் தெரியாதுன்னு மனுவுல இருக்கே."

"அப்போ தெரியாதுங்க. கால் ஒடஞ்சி வூட்டோட குந்திட்டேன். குந்தினதாலதான் வகுப்புக்குப் போனேன். இல்லன்னா மரத்து மேலயே இருந்திருப்பேன்."

ஆள் மாறாட்டம் என்று அவர் குதிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். குதிக்கவில்லை. இன்னும் கிட்டே வந்தார்.

"அப்போ இந்த விபத்தால உங்களுக்கு நல்லதுதான் நடந்திருக்கு. சந்தோஷமா இருக்கீங்க."

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை. ஆனால் சத்தியம் செய்த வாய். அதுவுமில்லாமல், என் பெயரை முதல் முறை எழுதிய சாயந்திரம் நினைவுக்கு வந்துவிட்டது.

"படிக்கறது சந்தோஷந்தானுங்க."

வ. அம்மா குனிந்து காகிதத்தைப் பார்த்தார். அந்த வக்கீல் உட்கார்ந்துவிட்டார். முடிந்தது என்று நினைத்தேன். நஷ்ட ஈடும் போய்விட்டது, காலும் போய்விட்டது.

நான் சொன்னதை டைப் அடித்துக் கொண்டுவந்து வைத்தார்கள். ஜட்ஜ் ஐயாவுக்குக் கீழே மேசையில் இருந்தவர் என்னைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், கோலைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மை டப்பாவைத் திறந்து என் கட்டைவிரலைப் பிடித்து அழுத்திவிட்டார். காகிதத்துக்குக் கொண்டுபோகும்போது ஜட்ஜ் ஐயா, "படிக்கத் தெரியும்னாரே. படிச்சிட்டே போடட்டும்" என்றார்.

படித்தேன். விரல் வைத்துத்தான் படிக்க வரும். மை பட்ட விரல், ஓரமெல்லாம் கறை. அந்த வக்கீல் கடிகாரம் பார்த்தார். பின்னால் யாரோ, "இவரு முடிக்கறதுக்குள்ள தீபாவளி வந்துடும்." உதடு அசைந்தது, தலை அசைந்தது. யாரும் தடுக்கவில்லை.

"படிப்பதில் மகிழ்ச்சி அடைகிறேன்." இருந்தது. சொன்னேன்தானே, இருக்கட்டும்.

"நான் தற்போது நடக்கிறேன்." அதோடு முற்றுப்புள்ளி.

திரும்ப விரல் வைத்தேன். இல்லை. வேண்டுமென்றே விட்டார்களோ, அவசரத்தில் விட்டதோ. கூட ஒரு வார்த்தை வேண்டாம் என்று வ. அம்மா சொல்லியிருந்தார். யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. பேசாமல் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம். பொன்னி கடைசி பெஞ்சில் வெற்றிலையை மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஐயா, என் கோலக் காணோங்க."

ஜட்ஜ் ஐயா எட்டிப் பார்த்தார். "கையிலதானே இருக்கு?"

"கையில இருக்குதுங்க. காயிதத்துல காணோங்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஐயா காகிதத்தை வாங்கிப் படித்தார். நான் என்ன சொன்னேன் என்று வ. அம்மா எழுந்து சொன்னார். அந்த வக்கீலும் ஆமாம் என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. புதிதாக அடித்து வந்தது. "கோல் ஊன்றி நடக்கிறேன்." பெரிய றி. அழகாக இருந்தது.

பேனா கொண்டுபோகவில்லை என்று அப்போதுதான் நினைவு. வ. அம்மா தன்னுடையதைக் கொடுத்தார். பழகாத பேனா, ண் நாலு சுழியாகிவிட்டது.

வெளியே வந்ததும் அ. பாய் தலையில் அடித்துக்கொண்டு, "நாலு சுழி! நல்லதாப் போச்சி தாத்தா. இத உன்னத் தவிர எவனும் போட முடியாது."

வ. அம்மாவிடம், அந்தச் சந்தோஷம் கேஸைக் கெடுக்குமா என்று கேட்டேன். "கோல் இருக்கு. சந்தோஷமும் இருக்கு. ஜட்ஜ் எதப் பாப்பாருன்னு தெரியல" என்றார். பொய்யாக ஆறுதல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த வாரம் வாதம். அன்றைக்கே தீர்ப்பு சொன்னாலும் சொல்வார்களாம். பயம் குறையவில்லை. சாயந்திரம் வகுப்புக்குப் போகிறேன், தைலத்தைத் திருப்பித் தர வேண்டும். தீர்ப்புக் காகிதத்தை எனக்கு முன்னால் யாரும் வாய்விட்டுப் படிக்கக் கூடாது என்று பொன்னியிடம் சொல்லிவிட்டேன். நல்லதோ கெட்டதோ, விரல் வைத்து நானே படித்துவிட்டு, அடுத்த வாரம் இந்த வரிக்குக் கீழே எழுதுகிறேன். கட்டைவிரலில் மை போகவில்லை. நோட்டெல்லாம் ஒட்டுகிறது.